பேரல் சுற்றுகிறது, பல்பு ஏன் எரியவில்லை?

கேள்வி: கேத்தி பாலாடாவில் கேரட் தோட்டம் வைத்திருக்கிறேன். இரவில் காட்டெருமை இறங்குவதால் தோட்டத்துக் கொட்டகையில் விடிய விடிய ஒரு விளக்கு எரிய வேண்டும். கரண்ட் கம்பம் தொலைவில் இருக்கிறது. அதனால் 200 லிட்டர் ஆயில் பேரல் ஒன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து, பழைய ஸ்கூட்டர் ஹப்பில் வெல்டிங் வைத்து, செங்குத்துக் கம்பியில் சுற்றும் காற்றாடி செய்தேன். அடியில் காயலாங்கடையில் வாங்கிய கார் ஆல்டர்னேட்டரைச் சைக்கிள் செயினால் இணைத்திருக்கிறேன். காற்று வந்தால் பேரல் அழகாகச் சுற்றுகிறது. பேட்டரி மட்டும் ஏறுவதில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே இருந்த சார்ஜும் ஒரே இரவில் இறங்கிவிட்டது. காற்றே இல்லாத அந்த இரவிலும் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு உயரமான மலையில் இருந்தும் ஏன் இப்படி? செங்குத்துக் காற்றாடிக்கு லேசான காற்றே போதும் என்கிறார்களே? தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடையும் இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன்; அதனால் ஏதும் பயனுண்டா தெரியவில்லை.
– வாசகர், கேத்தி பாலாடா

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெதுவெதுப்பைப் பற்றிய வரிதான். பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களும் எழுத வேண்டிய விஷயம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், உயரத்தின் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நீலகிரியில் காற்றாடி செய்ய நினைக்கும் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது.

மலை என்றாலே காற்று என்று நினைக்கிறோம். அது சரியென்றால் தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அல்லவா வரிசை கட்டி நிற்க வேண்டும்? அவை நிற்பதோ ஆரல்வாய்மொழியை ஒட்டிய முப்பந்தலில், செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கில், பல்லடம், உடுமலைப்பேட்டைச் சமவெளிகளில். மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் அமைந்த முள்ளக்காடும் தூத்துக்குடிக் கடலோரத்துத் தட்டையான நிலம்தான். காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து முட்டுகிறது. மலையைத் தாண்ட முடியாத காற்று, மலை விட்டுக்கொடுக்கும் கணவாய்களைத் தேடி ஓடுகிறது. அப்படிப்பட்ட வாசல்களில் பெரியது பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்குச் சுவர் உங்கள் நீலகிரி, தெற்குச் சுவர் ஆனைமலை. பல்லடத்துக் காற்றாலைகள் சுற்றுவதற்கு உங்கள் மலையும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காற்று உங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை.

நீலகிரிக்குள்ளும் காற்று எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. நடுவட்டம், அவலாஞ்சி, மேல்பவானி போன்ற மேற்கு விளிம்பு ஊர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவக்காற்றை நேருக்கு நேர் வாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே உள்ள கோத்தகிரிப் பக்கம் அப்படியில்லை. அங்கே அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. உங்கள் கேத்தியோ மேடுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. மேட்டின் முகட்டில் காற்று வேகம் பிடிக்கும். அடிவாரத்தில் சுழன்று தேங்கும். அதோடு யூகலிப்டஸ் எனும் கற்பூர மரங்களும் சில்வர் ஓக்குகளும் தங்கள் பங்குக்குக் காற்றைக் கலைத்துவிடும்.

இதற்குச் சான்று கருவி வைத்துத் தேட வேண்டியதில்லை. உங்கள் தோட்டமே தருகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து பயிர் கருகும் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? உறைபனி விழ வானம் தெளிவாக இருக்க வேண்டும், காற்று அசையாமல் இருக்க வேண்டும். காற்று வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து தரை உறையாமல் காக்கும். அசைவில்லாத இரவில்தான் குளிர்ந்த, கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆக, உறைபனி விழும் இடம் என்றாலே இரவுக் காற்று நின்றுபோகும் இடம். உங்களுக்கு விளக்கு வேண்டியதும் அதே இரவில்தான்.

உயரத்தால் இன்னொரு சிறு நஷ்டமும் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை, முப்பந்தலில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் அந்த அளவுக்கு ஆற்றலும் குறையும்.

அடுத்தது, லேசான காற்றே போதும் என்ற பேச்சு. நீங்கள் செய்திருப்பது சவோனியஸ் சுழலி. அதாவது, இரண்டு அரைவட்டக் குழிகள் எதிரெதிராக நின்று காற்றை வாங்கித் தள்ளப்படும் அமைப்பு. பின்லாந்துக்காரரான சிகுர்ட் சவோனியஸ் 1920-களில் உருவாக்கியது. செங்குத்து அச்சு என்ற எண்ணம் அதைவிடப் பழையது. ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத் 1887-ல் மேரிகிர்க் என்ற ஊரில் தன் விடுமுறை வீட்டுக்குக் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தபோது நிறுத்தியது, துணிப்பாய் கட்டிய செங்குத்து அச்சுக் காற்றாலை. காற்றைக் கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றியதில் அதுவே முன்னோடி. எனவே நல்ல பரம்பரையில்தான் கால் வைத்திருக்கிறீர்கள்.

இந்த வகைக்கு மெய்யான நன்மைகள் உண்டு. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் வாங்கிக்கொள்ளும். வால் வைத்துத் திருப்ப வேண்டாம். கனமான ஜெனரேட்டர் தரையோடு இருக்கும். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம். மெல்லிய காற்றிலும் அசையத் தொடங்கும் என்பதும் உண்மை. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. அசையத் தொடங்குவது ஒன்று, வேலை செய்வது இன்னொன்று. எந்தக் காற்றாடியும் வீசும் காற்றில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது. இருப்பதிலும் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுக் காட்டினார். கையால் செய்த சவோனியஸ் சுமார் 15 சதவீதம் எடுத்தால் நல்ல வேலைப்பாடு. ஒரு குழி காற்றோடு போகும்போது மற்றது காற்றை எதிர்த்துத்தானே திரும்பி வர வேண்டும்?

இப்போது உங்கள் பேரலுக்குக் கணக்குப் போடுவோம். அறுத்த இரண்டு பாதிகளையும் பொருத்தினால் அகலம் ஏறத்தாழ 1 மீட்டர், உயரம் 88 செ.மீ. காற்று விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்தால், அதாவது சில்வர் ஓக்கின் இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடும் அளவுக்கு இருந்தால், அந்தப் பரப்பின் வழியே போகும் ஆற்றல் சுமார் 27 வாட். அதில் 15 சதவீதம் என்றால் அச்சில் கிடைப்பது 4 வாட். காற்று இருமடங்காகி 8 மீட்டரானால், அதாவது சின்ன மரங்களே வளைந்தாடத் தொடங்கினால், இருமடங்கு அல்ல, எட்டு மடங்கு கிடைக்கும்: 32 வாட். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படியாக, அதாவது வேகத்தை அதனாலேயே இரண்டு முறை பெருக்கிய அளவில், ஏறி இறங்குகிறது. மெல்லிய காற்றை நம்பிய கணக்குகள் எல்லாம் இந்த முப்படியில்தான் தோற்கின்றன.

4 வாட்டும் ஒன்றுமில்லாத அளவு அல்ல. நாள் முழுக்க வந்தால் சிறிய எல்.இ.டி. பல்பு ஒன்றை இரவெல்லாம் எரிக்கலாம். பிறகு ஏன் உங்களுக்கு எதுவுமே வரவில்லை? இனி அந்த வெதுவெதுப்புக்கு வருவோம்.

காரின் ஆல்டர்னேட்டருக்குள் நிலையான காந்தம் கிடையாது. நடுவில் சுற்றும் இரும்பைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும்; மெக்கானிக்குகள் ஃபீல்டு காயில் என்பார்கள். அதற்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் அந்த இரும்பு காந்தமாகும். காந்தமான பிறகுதான் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். அந்தச் சுருள் குடிப்பது 2 முதல் 4 ஆம்பியர். 12 வோல்ட்டில் இது 24 முதல் 48 வாட். உங்கள் பேரல் கொடுப்பது 4 வாட், சுருள் வாங்கிக்கொள்வது அதைப்போல் ஆறு முதல் பன்னிரண்டு மடங்கு! பேரல் நிற்கும்போதும் சுருளுக்கு இணைப்பு இருந்ததால் அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மின்சாரம் முழுதும் சூடாக மாறியதைத்தான் நீங்கள் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். சாதாரண கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், 3 ஆம்பியர் வீதம் 12 மணி நேரத்தில் காலி. ஒரே இரவில் இறங்கியது என்று நீங்கள் எழுதியது கணக்கோடு பொருந்துகிறது.

காரில் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்றால், அங்கே வேகம் வேறு. வண்டி ஐடிலில் நிற்கும்போதே இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓடும். பெல்ட்டின் புல்லி அளவால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று வரை போகும். உங்கள் பேரல் 4 மீட்டர் காற்றில் நிமிடத்துக்குச் சுற்றுவது 60 அல்லது 70. 8 மீட்டர் காற்றிலும் 140-ஐ ஒட்டித்தான் வரும். குழியின் விளிம்பு காற்றின் வேகத்தோடு ஏறத்தாழச் சமமாகத்தான் ஓட முடியும் என்பது இந்த வகையின் இயல்பு.

"செயினில் பற்சக்கர விகிதத்தைக் கூட்டினால்?" என்று அடுத்து கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் பற்சக்கரம் வேகத்தைக் கூட்டும்போது முறுக்குவிசையை, அதாவது திருப்பும் பலத்தை, அதே அளவுக்குக் குறைத்துவிடும். 70 சுற்றை 1,000 ஆக்க 14 மடங்கு விகிதம் வேண்டும். பேரலின் முறுக்குவிசையைப் பதினான்காகப் பிரித்த பலம், ஆல்டர்னேட்டரின் பேரிங்கையும் பிரஷ்ஷையும் தள்ளவே காணாது. எத்தனை சக்கரம் போட்டாலும் இல்லாத ஆற்றல் வந்துவிடாது.

ஆகவே மாற்ற வேண்டியது பேரலை அல்ல, ஆல்டர்னேட்டரை. உங்களுக்கு வேண்டியது நிலைக்காந்த ஜெனரேட்டர். காந்தம் உள்ளேயே பதித்திருப்பதால் பேட்டரியிடம் எதுவும் கேட்காது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவன் 2000-களின் தொடக்கத்தில், உடைந்த சைக்கிள், டிராக்டர் விசிறி, கற்பூர மரக் கம்பங்கள் இவற்றைக் கொண்டு காற்றாலை செய்து வீட்டுக்கு விளக்குப் போட்டான். உங்களைப் போலவே அவனும் கழித்துப்போட்ட பொருள்களைத்தான் நம்பினான். அவனுக்கு மின்சாரம் கொடுத்தது சைக்கிள் டைனமோ; அதற்குள் இருப்பது நிலைக்காந்தம்.

இன்று நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளுக்கு அதைவிட நல்ல சரக்கு வரத் தொடங்கிவிட்டது. பேட்டரி செத்துப்போய்க் கழித்துக்கட்டிய மின்சார ஸ்கூட்டர்களின் ஹப் மோட்டார்தான் அது. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் சுற்றும். கையால் சுற்றினால் மின்சாரம் தரும். மெதுவாகப் போகும் வகை ஸ்கூட்டரில் உள்ள 48 வோல்ட், 250 வாட் மோட்டாரைக் கேளுங்கள். அது சுமார் 330 சுற்றில் 48 வோல்ட்டுக்கு அமைத்தது; எனவே 100 சுற்றிலேயே 14, 15 வோல்ட் தரும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது போதும். காற்று 6 மீட்டரை நெருங்கும்போது மெல்ல ஏறத் தொடங்கும். அதற்கு மேல் நன்றாக ஏறும்.

கடையிலேயே சோதித்து வாங்கலாம். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகளும் ஐந்தாறு மெல்லிய கம்பிகளும் வெளியே வரும். மெல்லியவை நமக்கு வேண்டாம். தடித்த மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிவிடுங்கள். சில சுற்று ஓடும். பிறகு மூன்றின் செம்பு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். சேற்றில் மாட்டியதுபோல் இறுகி உடனே நிற்க வேண்டும். நின்றால் காந்தமும் சுருளும் நலம். கம்பி பிரித்திருந்தபோதே இறுகினால் உள்ளே சுருள் கருகியிருக்கலாம், வாங்காதீர்கள். இந்தச் சோதனை உங்களுக்குப் பிரேக்காகவும் உதவும். ஜூலையில் காற்று மிஞ்சும்போது மூன்று கம்பிகளையும் இணைக்கும்படி ஒரு தடித்த சுவிட்ச் வைத்துக்கொண்டால் சுழலியை அடக்கி வைக்கலாம். ஆனால் மின்சாரப் பிரேக்கை மட்டும் நம்பாமல், கட்டிவைக்க ஒரு கயிறும் கொக்கியும் கட்டாயம் வேண்டும்.

மூன்று கம்பியில் வருவது மாறுமின்சாரம். அதை ஒருதிசை மின்சாரமாக்க ரெக்டிஃபையர், அதாவது ஆறு டயோடு சேர்ந்த சிறு கட்டை, தேவை. உங்கள் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கழற்றாதீர்கள், அந்த ஆல்டர்னேட்டருக்கு வேறு வேலை இருக்கிறது. பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் போடாமல் எதையும் இணைக்காதீர்கள். பேட்டரி நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே போகாமல் தடுக்கும் சார்ஜ் கன்ட்ரோலரும் வேண்டும். காற்றாடிக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள். சோலாருக்கு உள்ளதைப் போட்டால் பேட்டரி நிறைந்ததும் சுமையை விட்டுவிடும். சுமையிழந்த சுழலி தறிகெட்டு ஓடும்.

பேரலைப் பற்றி மூன்று சொல். இரண்டு பாதிகளும் நடுக்கம்பியில் ஒட்டி நின்றால் கொஞ்சம் நகர்த்தி, ஒன்றன் விளிம்பு மற்றதற்குள் 10 செ.மீ. நுழையும்படி வையுங்கள், ஒரு குழியில் புகுந்த காற்று மற்றதன் முதுகுக்குப் போய் அதையும் தள்ளும். மேலும் கீழும் வட்டத்தகடு மூடியிருக்க வேண்டும். இரும்பு பேரலுக்குப் பதில் தண்ணீர் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் பேரல் பாதி எடைதான் இருக்கும். பேரிங் நெடுநாள் வரும்.

உயரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், மலையின் உயரம் அல்ல, கம்பத்தின் உயரம். 100 மீட்டர் தொலைவுக்குள் உள்ள மரத்தையும் கூரையையும்விட 10 மீட்டர் மேலே காற்றாடி நிற்க வேண்டும் என்பது பொது விதி. கற்பூர மரத்துக்கு மேல் 10 மீட்டர் உங்களால் முடியாது. முடிந்தாலும் ஸ்டே கம்பி கட்டாமல் அந்த உயரத்தில் 20 கிலோ சுழல்வதை நான் விரும்ப மாட்டேன். எனவே தோட்டத்தின் மேல்மேட்டில், மேற்கும் தென்மேற்கும் திறந்த இடத்தைத் தேடுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு நீண்ட மூங்கிலில் துணிப்பட்டை கட்டி நட்டு, சில வாரம் பாருங்கள். பட்டை ஒரே திசையில் நீண்டு பறந்தால் நல்ல இடம். துள்ளித் துள்ளித் திசை மாறினால் மரம் கலைத்த காற்று.

இவ்வளவும் செய்தாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் இது உங்களுக்கு உழைக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளைப் பற்றி உறைபனி ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆனால் அதே பனிக்காலத்தில் பகல் வானம் தெளிவாக இருக்கும். 40 வாட் சோலார் பலகை அப்போது ஒரு நாளில் தருவது உங்கள் விளக்குக்குத் தாராளம். அதே பலகை ஆடி மாத மூடுபனியில் சோர்ந்துவிடும். அப்போது பேரல் சுற்றும். ஒரே பேட்டரிக்கு இரண்டையும், தனித்தனிக் கன்ட்ரோலர் வழியாக, இணைத்துவிட்டால் இரண்டு பருவமும் கைவிடாது.

கடைசியாக அந்த ஓடை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்திருப்பேன். நீலகிரி காற்றின் மலை அல்ல, நீரின் மலை. உங்களுக்கு அருகேயுள்ள காட்டேரி அருவியின் நீரைக் கொண்டு அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரம் எடுத்தார்கள். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. மலையின் உயரம் காற்றுக்கு உதவாவிட்டாலும் தண்ணீருக்கு உதவுகிறது.

விநாடிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கினால் அதில் இருப்பது 290 வாட். பாதி வீணானாலும் 140 வாட்டுக்கு மேல் மிஞ்சும், பகலும் இரவும். குழாயின் முனையில் பீறிடும் நீரின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்கும். ஒரு சாண் அகலச் சக்கரத்தில் கிண்ணங்கள் பொருத்தி அந்த நீரை அடித்தால் நிமிடத்துக்கு 900 சுற்று வரும். பெல்ட் போட்டு இருமடங்காக்கினால் 1,800. அந்த வேகத்தைத்தான் உங்கள் ஆல்டர்னேட்டர் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது. 140 வாட்டில் சுருளுக்கு 40 போனாலும் நஷ்டமில்லை. எனவே அதைக் காயலாங்கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓடையில் கை வைக்கும் முன் உரிய அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். எடுத்த தண்ணீரை உங்கள் எல்லைக்குள்ளேயே ஓடையில் திருப்பி விட வேண்டும், கீழே இருப்பவர்களும் அதை நம்பித்தான் கேரட் கழுவுகிறார்கள். மழைக்காலத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். மார்ச் மாதத்தில், ஓடை இளைத்திருக்கும்போது, 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். குழாய் இறக்கக்கூடிய சரிவின் உயரத்தையும் சேர்த்து எனக்கு எழுதினால், எந்த அளவுக் குழாய், எத்தனை கிண்ணம் என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.